சந்தா நிற்கும் நாளில் நூலகத்தில் என்ன மிஞ்சும்?

2019 ஜூலை 10 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் எல்சேவியர் பதிப்பகத்தின் புதிய கட்டுரைகள் திறப்பது நின்றது. ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கும் மேல் சந்தா கட்டிவந்த பல்கலைக்கழகம் அது. விலையிலும், தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை எல்லோரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையிலும் உடன்பாடு வராததால், அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. சில மாதங்களில் பதிப்பகம் இணைப்பைத் துண்டித்தது.

ஆனாலும் அங்கே ஆய்வுப் பணி முடங்கவில்லை. 2018 வரை வெளியான கட்டுரைகளில் பெரும்பகுதி தொடர்ந்து திறந்தது. சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்களைச் சந்தா நின்ற பிறகும் படிக்கலாம் என்று முன்பே எழுதி வாங்கியிருந்தார்கள். ஸ்வீடனிலும் அப்படித்தான். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்காகச் சந்தா பேசும் பிப்சம் கூட்டமைப்பு 2018 ஜூன் 30உடன் எல்சேவியர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோது, 1995 முதல் அன்றுவரை வெளியானவை கைவிட்டுப் போகவில்லை. ஸ்வீடனும் கலிபோர்னியாவும் பொறுமையாகக் காத்திருந்து பேரம் பேசின. 2019 நவம்பரில் ஸ்வீடனும், 2021 மார்ச்சில் கலிபோர்னியாவும் தாங்கள் கேட்ட திசையில் புதிய ஒப்பந்தம் பெற்றன.

இதே நிலை நம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தால் எது திறக்கும், எது மூடும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கோப்பு ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்க வேண்டும். அது இல்லாத நூலகம் பெரிய ஆபத்தில் இருக்கிறது.

2027 என்ற வரம்பு

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவர் என்பது அரசின் கணக்கு. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

இது பெரிய வரம், ஐயமில்லை. தனித்தனியாகச் சந்தா கட்ட முடியாத மாவட்ட அரசுக் கல்லூரிக்கும் ஐஐடிக்கும் ஒரே வாசல் திறந்திருக்கிறது. தனியார் கல்லூரிகள் இந்தக் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை என்றாலும், இவ்வளவு பேருக்கு இத்தனை இதழ்கள் ஒரே நேரத்தில் கிடைத்ததே அரிது.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். எல்லாம் மேலிருந்து வருவதால், உள்ளூர் நூலகத்தில் மின்வளங்களைக் கவனிக்க இனி ஆள் வேண்டாம், தனி நிதி வேண்டாம், கோப்பு வேண்டாம் என்ற எண்ணம் நிர்வாகங்களில் எளிதாக வேரூன்றும். ஒப்புதல் தரப்பட்ட காலமோ 2027 டிசம்பரோடு முடிகிறது. திட்டம் நீட்டிக்கப்படலாம். நீட்டிக்கும்போது பதிப்பகங்களின் எண்ணிக்கையும் இதழ்ப் பட்டியலும் நிபந்தனைகளும் மாறலாம். இதற்கு முன்பு மாறியும் இருக்கின்றன. 2003இல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்காக இண்டெஸ்ட், அதையடுத்துப் பல்கலைக்கழகங்களுக்காக யுஜிசி இன்ஃபோநெட், கல்லூரிகளுக்காக என்-லிஸ்ட், 2015இல் இவற்றை இணைத்து இ-ஷோத்சிந்து, 2025இல் ஒரே நாடு ஒரே சந்தா என்று ஏற்பாடு மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய ஆண்டுகளுக்கான உரிமை எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று தேடி எடுத்து வைத்த நூலகம் பாதுகாப்பாக இருக்கிறது. மற்றவை நம்பிக்கையில் ஓடுகின்றன.

அலமாரியில் இருப்பதும் திரையில் தெரிவதும்

அச்சு இதழுக்குச் சந்தா கட்டிய காலத்தில், பணம் நின்றால் அடுத்த இதழ் வராது. வந்து பைண்டு செய்து வைத்த தொகுதிகளை யாரும் திரும்பக் கேட்க முடியாது. மின்னிதழில் நூலகம் பெறுவது உரிமம். அந்த உரிமம் எவ்வளவு காலத்துக்கு, எந்த ஆண்டுகளுக்கு, யாருக்கு என்பதெல்லாம் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. சந்தா முடிந்த பிறகும் அணுகும் உரிமை பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், 10 ஆண்டு பணம் கட்டியிருந்தாலும் 11ஆம் ஆண்டில் கையில் ஒன்றும் இருக்காது.

உரிமை எழுதப்பட்டிருந்தாலும் அதை நிரூபிக்க வேண்டியது நூலகத்தின் வேலை. பிளாக்வெல் பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். 2005இல் ஒரு நூலகம் பிளாக்வெல் சினர்ஜி தளத்தில் இதழ்களுக்குப் பணம் கட்டியது என்று வையுங்கள். 2007இல் பிளாக்வெல்லை வைலி வாங்கியது. 2008இல் அந்த இதழ்கள் வைலி இன்டர்சயின்ஸ் தளத்துக்குப் போயின; 2010இல் வைலி ஆன்லைன் லைப்ரரிக்கு மாறின. இன்று 2005ஆம் ஆண்டுத் தொகுதி திறக்கவில்லை என்று நூலகர் எழுதினால், பதிப்பகம் கேட்கக்கூடியவை மூன்று: அந்த ஆண்டின் ஒப்பந்த நகல், பணம் கட்டிய இன்வாய்ஸ், அந்த ஆண்டுக்கான இதழ்ப் பட்டியல். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாதாடுவது கடினம். கணக்குப் பிரிவில் பழைய கோப்புகளைக் கழிக்கும்போது இந்த இன்வாய்ஸும் சேர்ந்து போய்விட்டால், கட்டிய பணத்தோடு உரிமையும் போயிற்று.

ஓர் எழுத்தில் பறிபோகும் பத்தாண்டு

பதிப்பகங்களும் தரவுத்தள நிறுவனங்களும் தங்கள் இதழ்ப் பட்டியலை 'கேபார்ட்' என்ற பொது வடிவில் தருகின்றன. ஓர் இதழுக்கு ஒரு வரி. இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் எண், இணையத்தில் கிடைக்கும் முதல் இதழின் தேதி, கடைசி இதழின் தேதி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் 'பி1ஒய்', 'ஆர்10ஒய்' போன்ற சிறு குறியீடு வரும். பலர் பார்க்காமல் கடந்துபோகும் கட்டம் அது.

பி1ஒய் என்றால் கடைசி ஓராண்டு இதழ்கள் கிடைக்காது, அதற்கு முந்தையவை கிடைக்கும். ஆர்10ஒய் என்றால் கடைசி 10 ஆண்டு மட்டும் கிடைக்கும், அதற்கு முந்தையவை கிடைக்காது. இரண்டாவது வகைதான் ஆபத்தானது. காலம் நகர நகரப் புதிய இதழ் முன்னால் சேரும். பழையது பின்னால் உதிரும். 2024இல் திறந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை அடுத்த ஆண்டு திறக்காது. பட்டியலில் இதழின் பெயர் அப்படியே இருக்கும். தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்குக் காட்டும் எண்ணிக்கையும் குறையாது. முனைவர் பட்ட மாணவி ஒருவர் தன் மேற்கோளைச் சரிபார்க்கப் போகும்போதுதான், அந்தப் பக்கம் பணம் கேட்கிறது என்பது தெரியவரும்.

மின்னூல்களில் இது ஒரே நாளில் நடந்தது. 2022 ஆகஸ்ட் இறுதியில், புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் அகடமிக் கம்ப்ளீட் தொகுப்பிலிருந்து வைலி சுமார் 1,380 நூல்களை விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் பருவம் தொடங்கும் நேரம் அது. பாடத்திட்டத்தில் வைத்திருந்த நூல்களை ஆசிரியர்கள் காணாமல் திகைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு 2023 ஜூன் வரை திரும்பத் தந்தார்கள். தொகுப்பாகச் சந்தா கட்டும்போது, அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நூலகம் அல்ல என்பதை அந்த நிகழ்வு எல்லோருக்கும் தெளிவாக்கியது.

அப்படியானால் நூலை ஒரே தவணையில் நிரந்தரமாக வாங்கிவிடலாமே? அந்த வழியும் குறுகுகிறது. புரோக்வெஸ்டின் இன்றைய உரிமையாளரான கிளாரிவேட், மின்னூல்களை நிரந்தரமாக விற்பதை 2025 அக்டோபரோடு நிறுத்தப்போவதாக அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. நூலகர்கள் கடுமையாக எதிர்த்ததால் கெடுவை 2026 ஜூன் 30க்குத் தள்ளிவைத்தது. எதிர்ப்புக்குக் கிடைத்தது அவகாசம் மட்டுமே.

எங்கும் இல்லாமல் போகும் கட்டுரைகள்

பதிப்பகமே மூடினால்? அதற்காகத்தான் பாதுகாப்புக் காப்பகங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம், பல நூலகங்களில் பல நகல்கள் வைப்பதை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் வந்த போர்ட்டிக்கோவும் க்ளாக்ஸும் பதிப்பகங்களிடமிருந்து நேரடியாக நகல் பெற்றுக் காக்கின்றன. சேஜ் பதிப்பகம் நிறுத்திவிட்ட, உறுப்பு மாற்று ஆய்வுக்கான 'கிராஃப்ட்' இதழை இன்றும் படிக்க முடிவதற்கு க்ளாக்ஸ் காப்பகமே காரணம்.

ஆனால் காப்பகத்தில் சேராதவை நிறைய. லண்டன் பர்க்பெக் கல்லூரியின் மார்ட்டின் பால் ஈவ் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், டிஓஐ என்ற அடையாள எண் பெற்ற 74 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைக் காப்பகங்களோடு ஒப்பிட்டார். சுமார் 28 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை, அவர் பார்த்த எந்தப் பெரிய காப்பகத்திலும் இல்லை. டிஓஐ இருந்தால் கட்டுரை என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. டிஓஐ ஒரு முகவரி. வீட்டைக் காப்பது அதன் வேலை இல்லை.

கட்டணமில்லா இதழ்கள் பாதுகாப்பானவை என்றும் எண்ண வேண்டாம். மிக்காயல் லாக்ஸோவும் உடன் ஆய்வாளர்களும் தேடிப் பார்த்ததில், 2000க்கும் 2019க்கும் இடையில் 174 கட்டணமில்லா ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்திருந்தன. சர்வர் கட்டணம் கட்ட ஆளில்லாமல் போனதும், பொறுப்பாசிரியர் ஓய்வு பெற்றதும், பல்கலைக்கழகத் தளம் புதுப்பிக்கப்பட்டதும் இப்படி முடியக்கூடும். நம் துறைகள் நடத்தும் தமிழ், வரலாறு, சமூகவியல் இதழ்கள் எல்லாம் இந்த ஆபத்துக்குள் வருபவை. வெளிநாட்டு இதழுக்கு வேறெங்காவது ஒரு நகல் இருக்க வாய்ப்புண்டு. நம் இதழை நாம் காக்காவிட்டால் வேறு யாரும் காக்கப்போவதில்லை.

ஒரு பாஸ்வேர்டால் மூடும் வளாகம்

உரிமம் இருக்கும்போதே வாசல் மூடுவதும் உண்டு. 2010 அக்டோபரில் எம்ஐடி வளாகத்திலிருந்து ஒருவர் ஜேஸ்டோர் மின்னிதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளைக் கூட்டங்கூட்டமாகப் பதிவிறக்கினார். ஜேஸ்டோர் மொத்த எம்ஐடிக்குமான இணைப்பைச் சில நாட்கள் துண்டித்தது. செய்தது ஒருவர், படிக்க முடியாமல் போனது ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கு. இவ்வகைப் பதிவிறக்கத்தைத் தடுக்கும் விதி பெரும்பாலான உரிமங்களில் இருக்கிறது.

வெளியாட்கள் குறிவைப்பதும் நம் பாஸ்வேர்டுகளைத்தான். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை 9 ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், மற்ற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் என்று பேராசிரியர்களின் லாகின் விவரங்களை ஏமாற்றிப் பெற்று, 31 டெராபைட்டுக்கும் அதிகமான தரவை எடுத்தார்கள் என்பது வழக்கு. நூலகத்தின் லாகின் பக்கம் போலவே தோன்றும் போலிப் பக்கமும், 'உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது' என்ற வகை மின்னஞ்சலும் இத்தகைய திருட்டின் வழக்கமான கருவிகள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் ரைசிடா என்ற இணையக் கொள்ளைக் கும்பலின் தாக்குதலுக்கு ஆளானபோது சுமார் 600 ஜிபி தரவு வெளியில் போனது. அதன் முதன்மை நூற்பட்டியல் தேடுவதற்குத் திரும்பக் கிடைத்தது 2024 ஜனவரி 15 அன்றுதான். அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை.

இப்போதே செய்ய வேண்டியவை

முதல் வேலை, உரிமைப் பதிவேடு. பதிப்பகவாரியாக, ஆண்டுவாரியாக, ஒப்பந்த நகலும் இன்வாய்ஸும் இதழ்ப் பட்டியலும் ஒரே இடத்தில் சேர வேண்டும். நூலகத்தில் ஒன்று, பதிவாளர் அலுவலகத்தில் ஒன்று, வளாகத்துக்கு வெளியே ஒன்று என மூன்று நகல்கள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இன்றைய சந்தாவின் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் 2027க்குப் பிறகு எந்த ஆண்டு இதழ்கள் திறந்திருக்கும் என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது. வாய்மொழி உறுதி செல்லாது.

மூன்றாவது, ஆண்டுதோறும் ஜனவரியில் புதிய பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைத் துறைத் தலைவர்களுக்குத் தெரிவிப்பது. பயன்பாட்டுக் கணக்கையும் அப்போதே எடுத்துவைக்க வேண்டும். நாளை ஓர் இதழைத் தக்கவைக்க வாதாட அதுவே ஆதாரம்.

நான்காவது, சொந்த வெளியீடுகள். ஆய்வேடுகள் தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவில் முழுமையாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓஜேஎஸ் மென்பொருளில் நடக்கும் துறை இதழ்களைக் கட்டணமில்லாத பிகேபி காப்பக வலையில் சேர்க்கலாம்.

ஐந்தாவது, லாகினுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. படித்து முடித்துப் போனவர்களின் கணக்கை உடனே மூட வேண்டும். ப்ராக்ஸி பதிவுகளை வாரந்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. தேவை, இந்த வேலை தெரிந்த ஒரு நூலகர். இதையே முழுநேரப் பொறுப்பாகக் கொண்டவர். நூலகர் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் சந்தா பெறுவது, கணக்காளர் இல்லாமல் கருவூலம் நடத்துவதற்கு ஒப்பாகும். அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் நூலகம் பற்றிய பேச்சு வரும்போது, எத்தனை ஆயிரம் இதழ்கள் இருக்கின்றன என்று கேட்பதோடு உறுப்பினர்கள் நிறுத்த வேண்டாம். சந்தா நின்றால் அவற்றில் எத்தனை நம்மிடம் மிஞ்சும், அதைக் காட்டும் ஆவணம் எங்கே என்று கேளுங்கள். அந்த ஆவணம் மேசைக்கு வராவிட்டால், நூலகர் பணியிடத்தை நிரப்பும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள்.