எத்தனை அடி, எத்தனை நாள்? கேமரா வாங்குவோர் கேட்க வேண்டியவை

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அங்கு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு தகவல் பலரையும் திகைக்க வைத்தது. நிலையத்தில் சிசிடிவி கேமரா இருந்தது. 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் தேவையான இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. சம்பவ இரவின் காட்சி கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காவல் நிலையங்களில் கேமரா பொருத்த உத்தரவிட்டது. கேமரா வையுங்கள் என்று சொல்லி அது நிறுத்திக்கொள்ளவில்லை. வாசல், லாக்கப், தாழ்வாரம் என்று இடங்களைப் பட்டியலிட்டது. இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது.

வீட்டுக்கும் கடைக்கும் கிணற்றுக்கும் கேமரா வாங்குகிற நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘நைட் விஷன்’, ‘ஃபுல் எச்.டி.’, ‘வாட்டர்ப்ரூஃப்’ எல்லாம் ஒரு நிபந்தனையோடு சேர்ந்தால்தான் உண்மை. எத்தனை அடி தூரத்தில், எத்தனை நாள், எத்தனை மீட்டர் ஆழத்தில்? நாம் கேட்காதவரை விற்பவர் அதைச் சொல்லப்போவதில்லை. கேட்டு வாங்கிய பதிலையும் பில்லில் எழுதி வாங்காவிட்டால், பிரச்சினை வரும்போது நம் கையில் எதுவும் இருக்காது.

ஆள் தெரிவது வேறு, முகம் தெரிவது வேறு

கண்காணிப்புக் கேமராவுக்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் விழுந்தால் ‘யாரோ நடமாடுகிறார்கள்’ என்று தெரியும். 125 பிக்சல் விழுந்தால் ஏற்கெனவே தெரிந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். முன்பின் தெரியாதவரின் முகத்தை உறுதியாகச் சொல்ல 250 பிக்சல் வேண்டும்.

சந்தையில் அதிகம் விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் 1,920 பிக்சல் உண்டு. அதை 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம் வரும். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் தேறாது. 2.8 மி.மீ. லென்ஸ் தெரு முழுவதையும் காட்டும்; அதில் முகம் தெளிவாகப் பதிவது பத்துப் பன்னிரண்டு அடிக்குள் மட்டும்தான். அட்டைப்பெட்டியில் இருக்கும் ‘100 அடி நைட் விஷன்’ என்பது அகச்சிவப்பு விளக்கு எட்டும் தூரம். அந்தத் தூரத்தில் ஓர் உருவம் நகர்வது தெரியும், அவ்வளவே.

ஆகவே தெரு முழுவதையும் பார்க்க ஒரு கேமரா, வாசல் நிலையில் முகம் பார்க்க 4 அல்லது 6 மி.மீ. லென்ஸோடு இன்னொன்று என்று பிரித்துத் திட்டமிடுவது நல்லது. வண்டி நம்பர் வேண்டுமென்றால் அதற்கென்று குறுகிய கோணத்தில் தனிக் கேமராதான் சரிப்படும். கடையில் ஓடும் டெமோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வாசலில், விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரை நடக்கவிட்டுப் பதிவைப் பாருங்கள்.

சேமிப்புக் கணக்கையும் வாங்கும்போதே போட்டுவிட வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 1 டி.பி. டிஸ்க் போட்டால் பதினோரு நாளில் பழையதன் மேல் புதியது எழுதப்படும். வெளியூர் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்புகிறவருக்குத் திருட்டு நடந்த இரவு கிடைக்காமல் போகலாம். பதிவுப் பெட்டியின் (டி.வி.ஆர்.) கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் பிசகிய பதிவு வழக்கில் வீண் கேள்விகளைக் கிளப்பும்.

மழை ஒன்று, முழுக்கு ஒன்று

கேமராவின் மேல் ‘ஐ.பி.’ என்ற எழுத்தோடு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 66 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்கலாம். ஐ.பி. 68 என்றால் அதற்கும் மேல். ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். அந்த விவரம் இல்லாத ஐ.பி. 68-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எண் பெரிதாக இருப்பதால் எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணுவதும் தவறு. மூழ்கும் சோதனையில் தேறியது, பீய்ச்சும் சோதனையிலும் தேறியதாக ஆகாது.

இந்தத் தரம் கேமரா உடம்புக்குத்தான். அதன் வாலாகத் தொங்கும் வயரும் இணைப்பு முனையும் பெரும்பாலும் மழைக்குத் தாங்காது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பி.என்.சி. இணைப்பில் டேப் மட்டும் சுற்றிச் சுவரோரம் விட்டுவிடுவார்கள். ஐப்பசி மழையில் கேமரா அணைந்துபோவதற்கு இந்த முடிச்சுத்தான் பல இடங்களில் காரணம். ஜங்ஷன் பாக்ஸுக்குள் இணைப்பு இருக்கிறதா என்று ஏணியில் ஆள் இருக்கும்போதே பாருங்கள். வயரும் சுத்தச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பு ஸ்க்ரூவை விரைவிலேயே அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கும்போது

தண்ணீருக்கு அடியில் கணக்கே மாறுகிறது. பத்து மீட்டருக்கு, அதாவது 33 அடிக்கு, ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் வெகு சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்பதால் சிசிடிவியின் நைட் விஷன் உள்ளே பயன்படாது, வெள்ளை எல்.இ.டி. விளக்கு வேண்டும். வைஃபை அலையும் சில அங்குலத்திலேயே செத்துப்போகும். ‘தண்ணீருக்குள் விட்டு மொபைலில் லைவ் பார்க்கலாம்’ என்று விற்கப்படும் வயர்லெஸ் கேமராவில் அது நடக்காது. நேரலைக்கு மேலே வரைக்கும் கேபிள் வர வேண்டும்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் விவசாயிகள் போர்வெல் கேமராவை வாடகைக்கு அழைக்கிறார்கள். கேசிங் பைப் உடைந்திருக்கிறதா, மோட்டார் எங்கே மாட்டிக்கொண்டது, ஊற்று எந்த அடியில் வருகிறது என்று பார்க்கத்தான். நீர்மட்டத்துக்குக் கீழே 400 அடி இறக்கினால் கேமரா சுமார் 12 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலைக்கு ஐ.பி. 68 என்ற முத்திரை போதாது, ஆழத்தை மீட்டரில் சொன்ன தரச்சான்று வேண்டும். வாடகைக்கு அழைப்பவர் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, அடிக்கணக்கு திரையில் தெரியும்படியான பதிவின் நகல் தனக்கு வேண்டும். வேறு குழி போடுவதா, ஃப்ளஷிங் செய்வதா என்ற பெரிய செலவு அந்தக் காட்சியை நம்பித்தான் இருக்கிறது. மற்றொன்று, கேமரா உள்ளே சிக்கினால் நஷ்டம் யாருடையது. மோட்டாரைத் தூக்கிய கையோடு இறக்கினால் கலங்கல் மட்டும்தான் தெரியும். தெளியவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

கடலில் படமெடுக்க ஆக்‌ஷன் கேமரா வாங்குவோருக்கு: கோப்ரோ ஹீரோ 12 தனியாக 10 மீட்டர் வரை தாங்கும், அதற்கான ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். எந்த ஹவுசிங்காக இருந்தாலும் உயிர்நாடி அதன் ரப்பர் ஓ-ரிங்தான். அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கினால் போதும், கேமரா போய்விடும். முதலில் வெற்று ஹவுசிங்குக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து முழுக்கிப் பாருங்கள். பேப்பர் நனையாவிட்டால் கேமராவை வையுங்கள். கடலிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் படமெடுக்க வனத்துறை அனுமதி தேவை.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விளம்பரப்படுத்திவிட்டு, தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் போடுவது பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. தண்ணீர் தாங்கும் போன்கள் பற்றிய விளம்பரத்துக்காக 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்தலாம் என்பதுபோல் காட்டிய விளம்பரங்களுக்காக 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் நாட்டிலும் தவறான விளம்பரம் நுகர்வோர் சட்டத்தின்படி புகாருக்கு உரியதே. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள்.

சாவி யார் கையில்?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபில் வெளியாகி, டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. 2016-ல் உலகை உலுக்கிய ‘மிராய்’ என்ற இணையத் தாக்குதலும், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துத்தான் நடந்தது.

நம் ஊரில் பாஸ்வேர்டு பெரும்பாலும் மாட்டித் தந்த டெக்னீஷியனிடம் இருக்கும். அவர் தன் போனில் கியூ.ஆர். ஸ்கேன் செய்து, தன் கணக்கிலேயே சாதனத்தைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் வீட்டுக் கூடம் அவர் போனிலும் தெரியும். வேலை முடிந்ததும் சாதனம் உங்கள் எண்ணில் பதிவாக வேண்டும், அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்ற வேண்டும். அதன் பிறகு பாக்கிப் பணம் கொடுங்கள்.

2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமாகியிருக்கிறது. பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதை அடித்துப் பார்த்தால் அந்த எண் உண்மையா என்று தெரிந்துவிடும்.

அடுத்தவர் வாசல்

கேமரா மாட்டுவது உங்கள் உரிமை. அடுத்தவர் ஜன்னலைப் பார்ப்பது உரிமையாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கூட்டாக வசிக்கும் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் மற்றவர் சம்மதமின்றிக் கேமரா வைக்கக் கூடாது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ம் பிரிவின்படி முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கடை, விடுதி, அடுக்ககச் சங்கம் போன்றவை 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலாகின்றன.

பக்கத்து வீட்டுக் கேமரா உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், முதலில் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். ‘பிரைவசி மாஸ்க்’ என்ற வசதியில் உங்கள் ஜன்னல் பகுதியை மட்டும் கறுப்பாக்கிவிட முடியும். கேட்காவிட்டால் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ், பிறகு காவல் நிலையம், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை. அந்தரங்கக் காட்சி இணையத்துக்கு வந்துவிட்டால் தாமதிக்காமல் அந்தத் தளத்திடமும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முறையிடுங்கள். அவமானம் எடுத்தவருக்கு, உங்களுக்கில்லை.

விபத்தோ திருட்டோ நடந்து, எதிர்க்கடைக் கேமராவில் பதிந்திருந்தால் அன்றே ‘அழிக்காமல் வையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்து, காவல்துறை புகாரிலும் கடையைக் குறிப்பிடுங்கள். பதிவு சாட்சியமாக ஏற்கப்பட பாரதிய சாட்சிய அதிநியம் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; மொபைலில் வந்த வாட்ஸ்அப் நகல் மட்டும் போதாது.

பணத்துக்கு வழி

‘பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. இல்லாமல் தருகிறேன்’ என்ற பேரத்தில் நீங்கள் இழப்பது வழக்குப் போடும் பிடிமானத்தை. பில்லில் மாடல் எண், லென்ஸ் அளவு, ஐ.பி. எண், ஆழம், டிஸ்க் கொள்ளளவு, வாரண்டி, பொருத்தும் வேலைக்கு எத்தனை மாதப் பொறுப்பு ஆகியவை இருக்கட்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

முதல் படி, கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ புகார். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்தப் படிகள் எல்லாம் பில்லில் எழுதியதை வைத்துத்தான் நடக்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன் பேனாவைக் கடைக்காரரிடம் நீட்டி, வாயால் சொன்ன அடிக்கணக்கையும் நாள் கணக்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.