அம்பாசிடரா, பத்மினியா... எது நல்ல வண்டி?

மாமா வீட்டில் அம்பாசிடர், சித்தப்பா வீட்டில் ஃபியட் என்று இருந்த குடும்பங்களில் ஒரு சண்டை ஓயவே ஓயாது. வண்டிகள் போய்ப் பல வருஷம் ஆன பின்னும், கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் சேர்ந்தால் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். இரண்டையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோமா?

இரண்டுமே வெளிநாட்டுப் பிறப்புதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் அம்பாசிடராக மறுபிறவி எடுத்து, 2014 வரை தயாரானது. மும்பை குர்லாவில் தயாரான இத்தாலிய ஃபியட் 1100, 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது.

முதலில் இன்ஜின். பல வருஷம் ஓடிய பெட்ரோல் மாடலையே எடுத்துக்கொள்வோம். அம்பாசிடருக்கு 1,489 சி.சி., சுமார் 50 குதிரைத்திறன். பத்மினிக்கு 1,089 சி.சி., சுமார் 40. 'அப்போ அம்பாசிடர்தான்' என்று அவசரப்படாதீர்கள். அதன் எடை 1,100 கிலோவுக்கு மேல். பத்மினியோ 900 கிலோ அளவுதான். வகுத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரு குதிரை இழுக்க வேண்டியது ஏறக்குறைய 22 கிலோ. ஆட்டம் டிரா!

கியரிலும் பிரேக்கிலும்கூட அப்படித்தான். இரண்டிலும் நான்கு கியர், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

பிறகு எங்கே வித்தியாசம்? உடம்பில்! அம்பாசிடர் சுமார் 40 செ.மீ. அதிக நீளம், 20 செ.மீ. அதிக அகலம். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம், மடியில் குழந்தைகள் தனி. சக்கரமும் 15 அங்குலம் என்பதால் குண்டும் குழியும் அவ்வளவாகத் தெரியாது. பத்மினிக்கு 14 அங்குலம். ஆனால், சின்ன உடம்பு என்பதால் நெரிசலிலும் சந்திலும் லாகவமாகத் திரும்பும். பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். மும்பை டாக்ஸிக்காரர்கள் அதைக் கொண்டாடியது சும்மா இல்லை.

உங்கள் வீட்டு ஷெட்டில் தாத்தாவின் வண்டி தூங்குகிறதா? முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் தாண்டியிருந்தால், 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பாடியும் இன்ஜினும் அசலாகவே இருக்க வேண்டும். மைலேஜுக்காக டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிக்கு இது சரிப்படாது. இன்னொன்று... கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் அனுமதி. தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. யோசித்து முடிவெடுங்கள்.

சரி, தீர்ப்பு? ஓட்டுகிறவருக்குப் பத்மினி, உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அம்பாசிடர். அடுத்த கல்யாணத்தில் சண்டை கிளம்பினால் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்போ நீங்க எந்த சீட்டுல உட்கார்ந்திருந்தீங்க மாமா?"