ஓடாத சைக்கிள்!
வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம்

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் கேட்கும். பட்டு நெசவாளி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து நெய்கிறார். கால்தான் ஓயாமல் மிதிக்கிறதே! பிறகு எதற்குத் தேகப்பயிற்சி?

கால் அசைவது உண்மைதான். ஆனால் மூச்சு வாங்குவதில்லை. நெஞ்சு வேகமாக அடிப்பதில்லை. இதயத்துக்கும் வேலை வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது அப்படிப்பட்ட பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மழையோ, இருட்டோ, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கலாம். 1973-ல் அமெரிக்காவின் 'ஸ்கைலாப்' விண்வெளிக் கூடத்தில் தங்கிய வீரர்களும் இப்படித்தான் ஓடாத சைக்கிளை மிதித்தார்கள்!

ஸ்டாண்டு போதாதா?

ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி மிதிக்காத சிறுவன் உண்டா? ஆனால் அதில் சக்கரம் சும்மா சுற்றும். காலுக்குப் பளு இல்லை. சைக்கிள் கவிழ்ந்தும் விடலாம்.

'டிரெயினர்' என்பது பின்சக்கரத்தின் அச்சை இருபுறமும் இறுகப் பிடிக்கும் இரும்புச் சட்டம். டயர் ஓர் உருளைமேல் அழுந்திச் சுற்றும். அந்த உருளையைக் காந்தம் இழுத்துப் பிடிக்கும். மேட்டில் ஏறுவதுபோல் கால் கனக்கும்.

வாங்குமுன்...

பல டிரெயினர்கள் கியர் சைக்கிளுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்டாண்டும் கேரியரும் உள்ள பழைய 28 அங்குல சைக்கிள் அதில் பொருந்தாமல் போகலாம். சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சைக்கிள் விடத் தெரியாதவர்களுக்குத் தனியாக நிற்கும் பயிற்சி சைக்கிளே ஏற்றது.

எப்படி மிதிப்பது?

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் முட்டி வலிக்கும். முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். முதலில் 10 நிமிடம் போதும். பேச முடியும், பாட முடியாது. அதுவே சரியான வேகம். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லை, மின்விசிறி தேவை. தறிக்குப் பக்கத்தில் வேண்டாம்! வியர்வையும் செயின் எண்ணெயும் பட்டால் பட்டு பாழாகும். சுற்றும் சக்கரத்தில் குழந்தைகள் விரலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

பணத்தைக் கொட்டி வாங்கி, அதில் துணி காயப் போடுவதற்கா? ஒரு மாதம் தினமும் 30 நிமிடம் வேகமாக நடந்து பாருங்கள். செலவே இல்லை. அந்தப் பழக்கம் நிலைத்த பிறகு கடைக்குப் போங்கள்!