சிறு வானூர்திகளின் நெடுநாள் சேமிப்பு

சிறு வானூர்திகளின் நெடுநாள் சேமிப்பு என்பது, தனியாருக்கோ பறப்புக் கழகங்களுக்கோ உரிய ஒற்றைப் பொறி வானூர்தி ஒன்றை ஒரு மாதத்திற்கு மேல் பறக்காமல் நிறுத்திவைக்க நேரும்போது, அது கெடாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். உரிமையாளர் வெளிநாடு செல்லுதல், உதிரிப் பாகத்திற்குக் காத்திருத்தல், வான்தகுதிச் சான்று காலாவதியாதல் முதலியன இதற்கான வழக்கமான காரணங்கள். 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது இந்தியாவெங்கும் பயிற்சி வானூர்திகள் ஒரே நேரத்தில் இந்நிலைக்கு உள்ளாயின.

உப்புக்காற்று

செங்கல்பட்டு மாவட்டத்திற்கும் வானூர்திகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. கியாகோமோ டி ஏஞ்சலிசு என்னும் உணவக உரிமையாளர் தமது சொந்த வானூர்தியை 1910 இல் பல்லாவரத்தில்தான் சோதித்துப் பார்த்தார். இன்றைய சென்னை வானூர்தி நிலையமும் அருகிலுள்ள திரிசூலத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து மாமல்லபுரம் வரையிலான நிலப்பகுதி கடற்காற்றின் எல்லைக்குள் அடங்குவதாகும்.

காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள்கள் உலோகப் பரப்பில் படிகின்றன. சார்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடந்ததும் உணவு உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். எனவே மழை பெய்யாத இரவிலும் உலோகம் உப்புநீரில் நனைந்தே இருக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களைத் தேய்ப்பதும் இதே உப்புதான். அங்கே தொல்லியல் துறையினர் காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை வெளியே இழுக்கின்றனர். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வளர்க்கப்பட்டன. வானூர்திக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, மெழுகு பூசினால் போதும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து இத்தகைய அரிமானத்தை ஆய்ந்துள்ளது.

வானூர்தி உடலில் மிகுதியாகப் பயன்படும் 2024 வகை அலுமினியக் கலவையில் சுமார் 4 விழுக்காடு செம்பு உண்டு. வலிமை தரும் அச்செம்பே அரிமானத்திற்கும் இடந்தருகிறது. தகட்டின்மேல் தூய அலுமினியப் படலம் இருந்தாலும், தறையாணித் துளைகளிலும் வெட்டிய விளிம்புகளிலும் அப்படலம் இல்லை. அவ்விடங்களில் வெண்சாம்பல் நிறப் பொடி தென்பட்டால் அரிமானம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பொறி

சேமிப்பில் முதலில் கெடுவது பொறியே. செசுனா 152, 172 ஆகியவற்றில் பரவலாகக் காணப்படும் லைக்கமிங் பொறிகளில் கேம் தண்டு மேற்பகுதியில் உள்ளது. பொறி நின்ற சில நாட்களில் அதன்மேலுள்ள எண்ணெய் கீழே வடிந்துவிடும். பின்னர் எஃகுப் பரப்பு வெறுமையாகிறது. துரு குழிகளைத் தோற்றுவிக்கிறது. மீண்டும் இயக்கும்போது அக்குழிகளின் விளிம்புகள் உதிர்ந்து எண்ணெயில் கலக்கின்றன. பயன்படுத்தாத புதிய பொறிகளின் உருளைச் சுவர்களில் இரண்டே நாட்களில் அரிமானம் காணப்பட்டதாக அந்நிறுவனமே எச்சரித்துள்ளது.

வாரந்தோறும் தரையிலேயே பத்து நிமிடம் பொறியை ஓட்டிவைத்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. இது தவறு, கேடும் விளைவிக்கும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையுடன் வெளியேறினாலும், ஒரு பகுதி பிசுட்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் சேர்கிறது. எண்ணெய் போதிய வெப்பம் அடைந்தால்தான் அந்நீர் ஆவியாகும். தரையில் ஓடும் பொறியில் உருளைகளுக்குச் சீரான குளிர்காற்றும் கிடைப்பதில்லை, எண்ணெய்க்கு உரிய வெப்பமும் கிட்டுவதில்லை. முப்பது நாட்களுக்கு ஒருமுறையேனும் எண்ணெய் வெப்பநிலை 74 முதல் 93 பாகை செல்சியசு வரை இருக்குமாறு தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்கவேண்டும். அது இயலாதெனில் பொறியை மூடிவைப்பதே முறை. முற்செலுத்தியைக் கையால் சுற்றிவிடுவதும் நன்மை செய்யாது. எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் படலத்தை அது துடைத்துவிடும்.

மூடிவைப்பதற்கு, அரிமானத் தடுப்பு எண்ணெயை நிரப்பிப் பொறியைச் சூடாக்குவர். பின்னர் மேற்புற ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே உருளைகளுக்குள் அவ்வெண்ணெயைத் தெளித்து, சிலிக்கா ஜெல் நிறைந்த செருகிகளைப் பொருத்துவர். காற்று நுழைவாய், புகைக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவை உலர்த்திப் பைகளுடன் அடைக்கப்படும். நீலநிற ஜெல் இளஞ்சிவப்பானால் அது நீரால் நிறைந்துவிட்டது, மாற்றவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்கடற்கரையில் வாரம் ஒருமுறையேனும் நிறத்தைப் பார்ப்பது நல்லது. பொறியைப் பதனிடுதல் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பணியாகும்.

பிற பகுதிகள்

எரிபொருள் தொட்டியை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிராது. எத்தனால் கலந்த வாகனப் பெட்ரோல் நீரை ஈர்ப்பதால் இதற்கு ஏற்றதன்று. மின்கலத்தைக் கழற்றி வைக்கவேண்டும். டயர்களின் ஒரே பகுதி தரையில் அழுந்தாதிருக்க அவ்வப்போது உருட்டிவிடலாம். இந்தியாவில் உருவான புசுபக் போன்ற துணி போர்த்திய வானூர்திகளில் எலி, பூஞ்சை இரண்டையும் கவனிக்கவேண்டும். நெகிழித் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். காற்றுப்புகும் துணி உறையே சிறந்தது.

இடத்தேர்வும் முக்கியமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகிச் சென்னை வானூர்தி நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அங்கு நிறுத்தியிருந்த சிறு வானூர்திகள் நீரில் சிக்கின.

குளவிக்கூடு

வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய், மண்கூடு கட்டும் குளவிக்கு ஏற்ற துளையாகும். 1996 பெப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் பர்கன் ஏர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். அவ்வானூர்தி சுமார் மூன்று வாரங்கள் பறக்காமல் நின்றிருந்தது; விபத்துக்கு முந்தைய நாட்களில் பிட்டோ உறைகளும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையின் கருத்து. 2020 இல் ஐரோப்பிய வான்பாதுகாப்பு முகமையும் சேமிப்பிலிருந்து மீண்ட வானூர்திகளின் பிட்டோ கோளாறுகள் குறித்து எச்சரித்தது. சிவப்புக் கொடி தொங்கும் உறை ஒன்று இதற்குப் போதுமானது.

மீண்டும் பறத்தல்

மூடும்போது வைத்த உறை, பை, செருகி ஒவ்வொன்றையும் எண்ணி எழுதிவைத்து, அகற்றும்போது அதே எண்ணிக்கையைச் சரிபார்க்கவேண்டும். கீழ்ப்புற ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முற்செலுத்தியைக் கையால் சுற்றி, உருளைகளில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றிய பின்னரே பொறியை இயக்கலாம். இல்லையேல் அழுத்த இயலாத எண்ணெய் பிசுட்டனின் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். முதல் ஓட்டத்தில் ஓடுபாதையில் விரையும்போது வேகமானி முள் அசையவில்லையெனில், மேலெழும்பாமல் அங்கேயே நிறுத்திவிடவேண்டும்.