டென்சிட்டி சிக்னலும் வைவாவில் வந்த ஒரு கேள்வியும்

ஒவ்வொரு வருஷமும் மினி ப்ராஜெக்ட் லிஸ்ட்டில் ஒரு தலைப்பு கண்டிப்பா இருக்கும்: 'டென்சிட்டி பேஸ்டு டிராஃபிக் சிக்னல்'. தெர்மாகோல் மேல கறுப்பு சார்ட் ஒட்டி நாலு ரோடு, ரோட்டுக்கு ரெண்டு ஐ.ஆர். சென்சார், நடுவில் ஒரு ஆர்டுயினோ, கொஞ்சம் பொம்மைக் கார். எந்தப் பக்கம் கார் அதிகமோ அந்தப் பக்கம் பச்சை. கார் இல்லாத பக்கத்தை ஸ்கிப் பண்ணிடும். நாங்களும் அதைத்தான் செய்தோம். டெமோ பக்காவா ஓடிச்சு. வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுல நடந்து போறவன் எப்போப்பா ரோட்டைக் கடப்பான்?"

நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மார்க் என்னவோ வந்துவிட்டது. ஆனால் கேள்வி விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போனபோது, நிஜ ரோட்டில் இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்பதே புதிதாகப் புரிந்தது.

முதலில் சென்சார். நம்ம ஐ.ஆர். சென்சாருக்கு 'எதிரில் ஏதோ இருக்கு, இல்லை' என்ற இரண்டு பதில்தான் தெரியும். நிஜ சிக்னல்களில் பல பத்தாண்டுகளாக இருப்பது இண்டக்டிவ் லூப். தார் ரோட்டில் மெல்லிய பள்ளம் வெட்டி, சில சுற்று வயரைப் புதைத்து, அதில் கிலோஹெர்ட்ஸ் அளவில் ஏ.சி. விடுகிறார்கள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோக அடிப்பாகத்தில் எடி கரண்ட் உண்டாகும். காயிலின் இண்டக்டன்ஸ் குறையும், ஆஸிலேட்டரின் ஃப்ரீக்வென்சி ஏறும். அந்த மாற்றம்தான் 'ஒரு வண்டி'. செகண்ட் இயரில் மனப்பாடம் செய்த எடி கரண்ட் இங்கே சம்பளம் வாங்கும் வேலையில் இருக்கிறது.

ஆனால் லூப் ஒரு விஷயத்தை நம்பி இருக்கிறது: ஒரு லேனில் ஒரு வண்டி. நம்ம ஊரில் ஒரு கார் அகலத்தில் மூணு பைக், இடுக்கில் ஒரு ஷேர் ஆட்டோ. லூப்புக்கு இது எல்லாம் சேர்ந்து ஒரே வண்டி. சில நேரம் ஓரமா போற பைக் கணக்கிலேயே வராது. இதற்காகவே ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள், பெரிய லூப்போடு சிறிய லூப்களையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சி வைத்து, சைக்கிள் முதல் பஸ் வரை பிரித்துச் சொல்லும் ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். கேமரா வைத்து எண்ணலாமே என்றால், எண்ணலாம். ஆனால் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நாலு பைக் மறைந்தால் கேமராவுக்கும் அது தெரியாது.

சரி, எண்ணியாச்சு. எத்தனை வினாடி பச்சை கொடுப்பது? 1958ல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கொடுத்த ஃபார்முலா இன்றும் சிவில் சிலபஸில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபேஸிலும் வரும் வண்டிகளை, அந்த ரோடு முழுப் பச்சையில் விடக்கூடிய அளவால் வகுத்துக் கூட்டினால் ஒய். பச்சை மாறும்போது வீணாகும் வினாடிகளின் கூட்டல் எல். சிக்னல் ஒரு சுற்று முடிக்க வேண்டிய நேரம்: ஒன்றரை மடங்கு எல் கூட்டல் 5, அதை (1 − ஒய்) ஆல் வகுக்கணும்.

நீங்களே போட்டுப் பாருங்க. எல் 8 வினாடி என்று வையுங்கள். மேலே 17. ஒய் 0.6 என்றால் சுற்று 42.5 வினாடி. 0.8 என்றால் 85. 0.9 என்றால் 170. 0.95க்கு 340, அதாவது கிட்டத்தட்ட ஆறு நிமிஷம்! ஒய் 1ஐத் தொட்டால் ஃபார்முலாவே உடைந்துவிடும். சென்சார் ரோட்டை அகலப்படுத்தாது. போன வருஷம் யாரோ கையால் எண்ணிய ஒய்க்குப் பதிலாக, இந்த நிமிஷத்து ஒய்யைக் கொடுக்கும். 0.6ல் இருக்கும் சந்திப்பு 0.9க்கான நேரத்தில் ஓடுவது தப்பும், அவ்வளவுதான். நிரம்பி வழியும் ரோட்டுக்கு எந்த ஏ.ஐ. வந்தாலும் பெரிய மாயம் நடக்காது என்று 'ஸ்மார்ட் சிட்டி' பிபிடிகளில் ஏன் யாரும் சொல்வதில்லையோ தெரியலை.

சிக்னல்களை நெட்வொர்க்கில் இணைப்பதில் தான் உண்மையான லாபம். இரண்டு சிக்னலுக்கு நடுவே 500 மீட்டர், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். முதல் சிக்னல் பச்சையாகி 50 வினாடி கழித்து அடுத்தது பச்சையானால் வண்டிக் கூட்டம் நிற்காமல் போகும். சிட்னியில் 1970களில் பிறந்த ஸ்காட்ஸ் என்ற சிஸ்டம் இதை லூப் தகவலை வைத்துத் தானாகவே மாற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது ரோட்டைத் தோண்டாமலும் செய்கிறார்கள். கூகுளின் கிரீன் லைட் திட்டம் மேப்ஸ் தகவலை வைத்து, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களின் பொறியாளர்களுக்கு சிக்னல் நேரத்தில் என்ன மாற்றலாம் என்று பரிந்துரைக்கிறது.

இந்த போன் டேட்டாவுக்கும் ஒரு குணம் உண்டு. 2020ல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், பெர்லினில் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டு காலி ரோட்டில் நடந்தார். மேப்பில் அந்த ரோடு சிவப்பாகிவிட்டது. மெஷினைப் பொறுத்தவரை அங்கே 99 கார் ஊர்ந்துகொண்டிருந்தது. இல்லாத காரை அது பார்த்தது. இருக்கும் மனுஷனைப் பார்க்குமா?

இங்கேதான் அந்த வைவா கேள்வி திரும்பி வருகிறது. சாதாரண நாற்சந்தியில் மெயின் ரோட்டை நாம் எப்போது கடக்கிறோம்? குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழும்போது. அப்போதுதான் மெயின் ரோடு வண்டிகள் நிற்கும். எங்கள் கோடு என்ன செய்தது? குறுக்கு ரோட்டில் வண்டி இல்லையென்றால் அதை ஸ்கிப் செய்தது. ராத்திரி பத்து மணிக்கு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போக நிற்கும் ஒரு அம்மாவுக்கு எங்கள் சிக்னல் விடியும்வரை வழி விடாது. கோடில் பக் இல்லை. அவர் எந்த சென்சாரிலும் இல்லை.

ஸ்கிப் செய்யாவிட்டாலும் தப்புதான். குறுக்கு ரோட்டில் ரெண்டு பைக் என்றால் கோடு 7 வினாடி பச்சை கொடுக்கும். 14 மீட்டர் ரோட்டை வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க கிட்டத்தட்ட 12 வினாடி வேண்டும். முட்டி வலியோடு 0.8ல் நடப்பவருக்கு 17.5. நடு ரோட்டில் அவர் இருக்கும்போது மெயின் ரோடு கிளம்பிவிடும். பஸ்ஸுக்கும் இதே கதி: நம் கணக்கில் வண்டி பிடிக்கும் இடத்துக்குத்தான் மதிப்பு. படியில் தொங்கும் கூட்டத்தோடு வரும் பஸ்ஸும் காலி பஸ்ஸும் ஒன்று.

திருத்துவது ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒரு புஷ் பட்டன். பட்டன் அழுத்தினால் குறுக்கு ரோடு காலியாக இருந்தாலும் 60 வினாடிக்குள் அதற்குப் பச்சை வரணும். பச்சை நேரம், வண்டிக் கணக்கு சொல்வதும் நடைக் கணக்கு சொல்வதும் இரண்டில் எது பெரிசோ அது. கோடில் ஒரு மேக்ஸ் ஃபங்ஷன், ஒரு டைமர். ரிசல்ட் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சேர்த்தோம். மெயின் ரோடு பொம்மைக் கார்கள் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் நிற்கின்றன. நிற்கட்டும்.

கிட் இப்பவும் லேப் பீரோவில் மேல் தட்டில் இருக்கு. ஜூனியர்ஸ் யாராவது எடுத்தால், பட்டன் பின் 12ல் இருக்கு. தெர்மாகோலில் ஜீப்ரா கிராசிங் மட்டும் இன்னும் வரையலை.