எடைக்குறைப்பு மருந்தும் மதுவும்: மருத்துவரிடம் மறைக்கக்கூடாத கணக்கு

எடை குறைக்க ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், விருந்தில் ஒரு கிளாஸ் குடிக்கலாமா? ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் கூலாயிலும் இன்று பலருக்கும் எழும் கேள்விதான் இது. ஆனால் அதை நண்பரிடம் கேட்கிறோம், இணையத்தில் ஊசி விற்பவரிடம் கேட்கிறோம், மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மட்டும் கேட்பதில்லை. 'குடிப்பவர்' என்று நம் கோப்பில் ஏறிவிடுமோ என்ற கூச்சம். பெண்களுக்கு அந்தக் கூச்சம் இரட்டிப்பு. மதுவை விடவும் இந்த மௌனம்தான் நம்மவர்களுக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் உடற்பருமனில் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே நம்மில் எடை மருந்து எடுப்பவர் பெரும்பாலும் அதை மட்டும் எடுப்பதில்லை. கூடவே இனிப்புநீர் மாத்திரை இருக்கும், இரத்த அழுத்த மாத்திரை இருக்கும். மது வந்து இவற்றோடு சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

குடிக்கலாமா என்பதற்குப் பொதுவான ஒரே பதில் கிடையாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

வாரம் ஒருமுறை போடும் ஓசெம்பிக், வெகோவி, மௌன்ஜாரோ, தினமும் போடும் சக்சென்டா ஆகியவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். குமட்டலும் வாந்தியும் இவற்றின் பொதுவான பக்க விளைவுகள். மதுவும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்து வாந்தி நிற்காமல் போனால் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கும். மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டும் முதல் சில மாதங்களில் குடிக்காமல் இருப்பதே நல்லது. 'நாளை மறுநாள் கல்யாணம், இந்த வார ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன்' என்பது வெறும் ஏமாற்று. ஓசெம்பிக், வெகோவி இரண்டிலும் உள்ள செமாகுளுடைட் உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். முழுவதும் வெளியேற ஐந்து வாரம் வேண்டும். ஊசியைத் தள்ளிப் போட்டாலும் மருந்து உள்ளேதான் இருக்கும்.

ஒரு கல்யாண விருந்தை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரர். ஊசி போடுகிறார், சர்க்கரையைக் குறைக்கும் கிளிகிளசைட் மாத்திரையும் விழுங்குகிறார். பசி இல்லை, பிரியாணியில் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். நண்பர்கள் ஊற்றிய ஸ்டவுட் மட்டும் உள்ளே போகிறது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ஈடுகட்டும். மதுவைக் கரைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் அது முடியாது. இரவு பதினொன்றுக்கு அவருக்கு வியர்க்கிறது, நாக்கு குழறுகிறது, கை நடுங்குகிறது. 'மாமாவுக்கு ஏறிவிட்டது' என்று காரின் பின் இருக்கையில் படுக்க வைக்கிறார்கள். அது போதையாக இல்லாமல் சர்க்கரைத் தாழ்வாக இருந்தால், அவரைத் தூங்க விடுவது உயிருக்கே ஆபத்து. விரல் நுனியில் ஒரு குத்து, கருவியில் எண் 4க்குக் கீழே என்றால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். இந்தத் தாழ்வு குடித்துப் பல மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும்கூட வரலாம். ஆகவே இன்சுலினோ இத்தகைய மாத்திரையோ எடுப்பவர் படுக்கும் முன் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து தனியாக இருக்கிறது.

கணையம் இன்னொரு கவலை. மிகுந்த குடி கணைய அழற்சிக்கு முக்கியக் காரணம். இந்த ஊசிகளின் எச்சரிக்கைப் பட்டியலிலும் கணைய அழற்சி உண்டு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் 'கேஸ்ட்ரிக்' என்று மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முன்பு ஒருமுறை கணைய அழற்சி வந்தவர் ஊசியைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

டூரோமின் என்ற பெயரில் கிளினிக்குகளில் கிடைக்கும் ஃபென்டர்மின் வேறு வகை. மூளையைத் தூண்டிப் பசியை அடக்கும். இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் கூட்டும். குடியின் மந்தத்தை அது மறைப்பதால் 'நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்று குடிப்பவரே நம்பிவிடுவார். இதோடு மது வேண்டவே வேண்டாம். நால்ட்ரெக்சோனும் புப்ரோபியோனும் கலந்த மாத்திரையில் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் அந்த ஆபத்து இன்னும் கூடும், அப்படிப்பட்டவருக்கு இந்த மாத்திரையையே கொடுக்கக்கூடாது. எந்த மருந்தும் எடுக்காத கடுங்குடியர்கூட மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். 'இன்றே நிறுத்து' என்று வற்புறுத்தும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்லிஸ்டாட் சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கும், அவ்வளவுதான். மதுவின் ஒரு கிராமுக்கு 7 கலோரி என்ற கணக்கில் ஏறும் சக்தியை அது தொடவே தொடாது.

இந்த ஊசிகள் குடி ஆசையையே குறைக்கின்றன என்ற பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. 2025இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், குடிக்கு அடிமையான 48 பேருக்கு ஒன்பது வாரம் சோதித்ததில், குறைந்த அளவு செமாகுளுடைட் பெற்றவர்களின் ஏக்கமும் குடிக்கும் அளவும் குறைந்தன. ஆனால் அது சிறிய ஆய்வு. குடியை நிறுத்துவதற்கென்று இந்த ஊசியை வாங்கிப் போடும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை.

மருத்துவர் அனுமதித்தால், எவ்வளவு? 5 விழுக்காடு பீர் 320 மில்லி கேன் ஒன்றில் சுமார் 12.5 கிராம் மது இருக்கிறது. பெரிய போத்தலில் அதைப்போல் இரண்டு மடங்கு. முதலில் சாப்பாடு, பிறகு ஒன்று, இடையில் தண்ணீர், பக்கத்தில் உங்கள் மருந்து விவரம் தெரிந்த ஒருவர். சம்சு மட்டும் கூடவே கூடாது. தோட்டக் காலத்திலிருந்து நம் குடும்பங்களைச் சீரழித்த சரக்கு அது. 2018இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனால் நஞ்சின் முதல் அடையாளமும் வாந்தி, வயிற்றுவலிதான். ஊசி போடுபவர் 'ஊசியால் வந்தது' என்று படுத்துவிடுவார். பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இணையத்தில் வாங்கும் 'ஸ்லிம்மிங்' காப்பியும் சீட்டில்லாமல் கிடைக்கும் ஊசியும் இன்னும் மோசம். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் விலக்கப்பட்ட சிபுத்ரமின் இத்தகைய காப்பிப் பொட்டலங்களில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டவர்கள் கடும் சர்க்கரைத் தாழ்வோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பேனாவில் இன்சுலின் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமும் போலி செமாகுளுடைட் பற்றி எச்சரித்தது. அப்படி ஒரு பேனாவோடு இரண்டு பீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற மருந்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண் இருக்கும். அதை என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பதிவில்லா மருந்து விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

வாகனம் ஓட்டுவோருக்கு ஒரு சொல். 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், மூச்சில் 22 மைக்ரோகிராம்தான் எல்லை. சிங்கப்பூரில் அது 80, 35. உட்லண்ட்ஸ் பக்கம் சட்டத்துக்குள் இருந்தவர் பாலத்தைத் தாண்டி ஜொகூரில் குற்றவாளி ஆகலாம். இங்கே முதல் குற்றத்துக்கு 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டாண்டு வரை சிறை, ஓட்டுநர் உரிமமும் போகும். வயிறு மெதுவாகக் காலியாகும்போது போதை ஏறுவதும் தாமதமாகலாம். 'இன்னும் ஏறவில்லை' என்ற நினைப்பை நம்பிச் சாவியை எடுக்காதீர்கள். தினமும் எல்லை தாண்டுவோர், மருந்தைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டுமா என்று சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இனி உரிமைகள். பெயரெழுதாத பிளாஸ்டிக் பையில் மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். கட்டுப்பாட்டு மருந்தின் உறையில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், உட்கொள்ளும் முறை, தேதி, கொடுத்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய உரிமையை 2006இல் கூட்டரசு நீதிமன்றம் ஃபூ ஃபியோ நா வழக்கில் உறுதி செய்தது. கழுத்து அறுவைக்குப் பின் முடங்கிப்போன அந்தப் பெண் தொடுத்த வழக்கில், நோயாளியின் முடிவைப் பாதிக்கக்கூடிய ஆபத்தை மருத்துவர் முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பானது. உங்கள் குடிப்பழக்கத்தை விசாரிப்பதும் மதுவால் வரும் ஆபத்தைச் சொல்வதும் மருத்துவர் உங்களுக்குச் செய்யும் தயவல்ல, அவர் கடமை. அதே நேரம் நீங்கள் 'குடிப்பதில்லை' என்று பொய் சொல்லியிருந்தால் நாளை உங்கள் புகார் அந்த இடத்திலேயே வலுவிழக்கும். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கேன், என்ன வகை என்று எண்ணாகவே சொல்லுங்கள். குடும்பத்தார் முன் சொல்ல முடியாவிட்டால், மருத்துவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால் முதலில் சிகிச்சை. அறிவுரைக்கு, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. பக்க விளைவைப் பொதுமக்களே என்பிஆர்ஏவிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். தனியார் கிளினிக்கின் மேல் குறையென்றால் முதலில் அங்கேயே எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் ஜொகூர் மாநிலச் சுகாதாரத் துறை, மருத்துவரின் நடத்தை பற்றியதென்றால் மலேசிய மருத்துவ மன்றம். இணையத்தில் வாங்கிய பொருள் ஏமாற்று என்றால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மருத்துவச் சேவை அதன் வரம்பில் வராது, அதற்கு நீதிமன்றம்தான். அரசு மருத்துவமனை மீது வழக்கென்றால் மூன்றாண்டுக்குள், தனியார் மீதென்றால் ஆறாண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் பேனா, பொட்டலம், உறை, ரசீது, விற்றவரின் வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போகும்போது மருந்துப் பெட்டியையும், முடிந்தால் குடித்த போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.