வீட்டுத் தரகர் யாருடைய ஆள்?

வீடு வாங்கப் புறப்படும் குடும்பம் முதலில் சந்திப்பது பெரும்பாலும் உரிமையாளரை அன்று, தரகரையே. அவர் வீட்டைக் காட்டுகிறார், விலையைச் சொல்கிறார், முன்பணத்தையும் பேசி முடிக்கிறார். நமக்காக அலைகிறவர் ஆதலால் அவரை நம்முடைய ஆள் என்றே கருதிவிடுகிறோம். ஆனால் விற்பவரிடமும் அவர் தரகுத்தொகை பெறுகிறார். அத்தொகை விலையில் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், விலை குறைவதில் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை.

இது எல்லா வீடு வாங்குவோருக்கும் உள்ள சிக்கல். தலித் குடும்பங்களுக்கோ இதனினும் கொடிய சிக்கல் ஒன்று உண்டு. “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?” என்று தரகர் கேட்பது வெறும் விசாரிப்பு அன்று. நாம் சொல்லும் விடை விற்பவரின் காதுக்குப் போகிறது. மறுநாள் “வீடு முடிந்துவிட்டது” என்ற செய்தி நமக்கு வருகிறது. மறுத்தவர் யார், காரணம் என்ன என்பதற்கு எந்தச் சான்றும் எஞ்சுவதில்லை. ஆகவே, வாங்குபவர் தமக்கென்று தனித் தரகரை அமர்த்துவது பணத்தைச் சேமிக்கும் வழி மட்டுமன்று. உரிமையைக் காக்கும் வழியுமாகும் என்பதே எமது கருத்து.

அமெரிக்கா கற்ற பாடம்

இக்கேள்வியை அமெரிக்கச் சமூகம் நெடுங்காலம் எதிர்கொண்டு வந்துள்ளது. அங்கு வீடு காட்ட அழைத்துச் செல்லும் தரகர், சட்டத்தின் பார்வையில் விற்பவரின் துணை முகவராகவே நெடுங்காலம் இருந்தார். “இவ்வளவு வரை என்னால் கொடுக்க முடியும்” என்று வாங்குபவர் அவரிடம் மனம் திறந்து சொன்னால், அதை விற்பவருக்குத் தெரிவிப்பது அவருடைய கடமையாயிற்று. வாங்குவோரில் பெரும்பான்மையினர் இதை அறியாமல், அவரைத் தம்முடைய பிரதிநிதி என்றே நம்பியிருந்தனர் என்பதைக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் 1983ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பின்னரே வாங்குபவருக்கு மட்டும் கடமைப்பட்ட தரகர் என்னும் முறை அங்குப் பரவியது. தரகுத்தொகை தொடர்பான பெரும் வழக்கொன்றின் சமரசத்தை அடுத்து, 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு தரகர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆனால் கறுப்பின மக்களுக்குப் பிரச்சினை தரகுத்தொகையோடு நிற்கவில்லை. ஒரு குடியிருப்பின் மதிப்பைக் குறைக்கும் இனத்தவரை அங்கே கொண்டுவரத் தரகர் கருவியாகக் கூடாது என்று வெள்ளையரின் தேசியத் தரகர் சங்கம் 1924இல் தன் நெறிமுறைத் தொகுப்பிலேயே எழுதி வைத்தது. அதாவது, பாகுபாடு காட்டுவதே தொழில் ஒழுக்கம் எனப்பட்டது. அச்சங்கத்தில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத் தரகர்கள் 1947இல் தமக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினர். ‘ரியல்டர்’ என்ற பெயர் வெள்ளையர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கே உரியதாக இருந்தமையால், இவர்கள் தம்மை ‘ரியல்டிஸ்ட்’ என்று அழைத்துக்கொண்டனர். தமக்கான தரகர் என்பது அம்மக்களுக்கு வசதியாக அன்று, போராட்டமாகவே வாய்த்தது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது. எனினும் மறுப்பு மறையவில்லை. அது புன்னகையோடு பேசக் கற்றுக்கொண்டது. ‘நியூஸ்டே’ நாளேடு நியூயார்க்கின் லாங் ஐலண்டு பகுதியில் மூன்றாண்டுகள் நடத்திய புலனாய்வை 2019இல் வெளியிட்டது. ஒத்த வருவாயும் ஒத்த தேவையும் உடையவர்களாகக் காட்டிக்கொண்ட சோதனையாளர்கள் இணை இணையாகத் தரகர்களை அணுகினர். கறுப்பினச் சோதனையாளர்கள் 49 விழுக்காடு சோதனைகளில் வேறுபாடாக நடத்தப்பட்டனர். இத்தகைய சோதனையாளர்கள் தாமே வழக்குத் தொடுக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்திருந்தது. தரகரின் வாய்ச்சொல்லைச் சான்றாக மாற்றியதே அங்கு நிகழ்ந்த முக்கிய முன்னேற்றம்.

இங்குள்ள நிலை

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்குப் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கிய அவரை, தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் நிலைமை மாறிவிடவில்லை. சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தில்லி வட்டாரத்து வாடகை வீடுகள் குறித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் அவர்களைவிட மிகுதியாக முஸ்லிம்களும் மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற வேண்டிய மனைத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.10,000 வரையறுத்து, மொத்தமாகச் சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். பொய்யான தகவல் தருவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆனால் தரகர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை அது தீர்த்துச் சொல்லவில்லை. தனியார் ஒருவரிடமிருந்து பழைய வீட்டை வாங்கும்போது அதன் பாதுகாப்பு நமக்கு எட்டுவதுமில்லை.

பலரும் மறந்துவிட்ட சட்டம் ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ அடையவோ அதில் வாழவோ தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாக இச்சட்டத்தின்படியான குற்றம் நிகழ்ந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஆயினும், “வீடு முடிந்துவிட்டது” என்ற தொலைபேசிச் சொல்லைக் கொண்டு எவ்வாறு வழக்கு நடத்துவது? விற்பவரோடு பேசிய ஒரே சாட்சி தரகர். அவரோ விற்பவரிடமும் பணம் பெறுகிறவர்.

தனித் தரகரின் தேவை இங்கேதான் தெளிவாகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவரால் அமர்த்தப்பட்ட முகவர் அவருக்குக் கணக்குக் காட்டவும், இடர் நேரும்போது செய்தி தெரிவித்து அவரது ஆணையைக் கேட்கவும் கடமைப்பட்டவர். வாங்குபவருக்குத் தெரியாமல் அதே வேலையில் சொந்த ஆதாயம் தேடினால், அந்த ஆதாயத்தை வாங்குபவர் கோரிப் பெறலாம். நம்மால் அமர்த்தப்பட்டவரே நம் சார்பில் பேசும்போது, மறுப்பு நேர்ந்தால் அவர் நமக்குச் சாட்சியாவார்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தரகரை எழுத்து மூலம் அமர்த்த வேண்டும். விற்பவரிடம் எத்தொகையும் பெறமாட்டார், நம் சாதி, குடும்பம், வருவாய் பற்றிய எதையும் நம் ஒப்புதலின்றி வெளியிடமாட்டார் என்ற உறுதி அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, அவருடைய ஊதியத்தை விலையின் விழுக்காடாக அன்றி, நிலையான தொகையாகப் பேசிக்கொள்வது நலம். விழுக்காடு என்றால் நம்முடைய தரகரும் விலை உயர்வதையே விரும்பக்கூடும்.

மூன்றாவதாக, கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் குறித்துக் குறுஞ்செய்தியாகத் தரச் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைத் தரகரின் சொல்லை மட்டும் நம்பாமல் தனி வழக்குரைஞரிடம் காட்டிய பின்னரே முன்பணம் தர வேண்டும்.

தனித் தரகருக்குக் கொடுக்கும் தொகை கூடுதல் சுமை அல்லவா என்று கேட்கலாம். சிறு வீடு வாங்கும் குடும்பத்துக்கு அது சுமையே. ஆதலால் இதைத் தனிக் குடும்பங்களின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடலாகாது. நம் இளைஞர்கள் இத்தொழிலைக் கற்றுப் பதிவு பெற்ற தரகர்களாக வர வேண்டும். கல்லூரி மாணவர்கள் இணை இணையாகச் சென்று வீடு கேட்டுப் பதில்களைப் பதிவு செய்யும் ஆய்வுகளை நம் நகரங்களில் நடத்தலாம். சேரியும் ஊரும் தனித்தனியாக இருப்பதை எதிர்த்து நாம் நீண்ட காலமாகப் பேசி வருகிறோம். அப்பிரிவினை இன்று அடுக்குமாடிகளிலும் தொலைபேசி உரையாடல்களிலும் தொடர்கிறது. அங்கே நம் சார்பில் பேசவும், பேசியதைச் சான்றாக்கவும் நமக்கென்று ஓர் ஆள் வேண்டும்.